ஒண்டிக்கடையில் இறக்கிவிடலாமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள்! மழையில் மண் சரிந்து அந்தச் சாலை அடைபட்டால், குப்பனூர் மலைச்சாலை வழியாக வண்டிகளைத் திருப்பி விடுவார்கள். அடிவாரத்தில் நிற்கும் காவலர் வழியைத்தான் சொல்வார். வண்டியை அவர் ஓட்டுவதில்லை.

இணையத்திலும் இப்படியொரு காவலர் உண்டு. பெரிய வலைத்தளங்களில் பல சர்வர் கணிப்பொறிகள் இயங்கும். அவற்றின் முன்னே நின்று வேலையைப் பங்கிடுவதை லோட் பேலன்சர் என்பார்கள். வரும் வேண்டுகோளில் அது இரண்டு விவரங்களைப் பார்க்கும்: தளத்தின் பெயர், அத்தளத்துக்குள் எந்தப் பக்கம் என்று கூறும் பாதை. ஏற்காட்டின் அஞ்சல் குறியீட்டெண் 636601 அல்லவா? அதில் 636 சேலம் வட்டாரத்தையும், பின்வரும் மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

முகவரி மாறியிருந்தால், லோட் பேலன்சர் புதிய முகவரியை உங்கள் பிரௌசருக்குச் சொல்லி அனுப்பும். கூடவே ஓர் எண்ணும் வரும். 301 என்றால் நிரந்தர மாற்றம். 302 என்றால் தற்காலிகம். 301-ஐப் பிரௌசர் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பழைய இடத்தில் கேட்காமலே போய்விடும். மண்சரிவுக்கு 301 போட்டால், சாலை சீரான பின்னும் நீங்கள் குப்பனூரையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்!

என் மனக்குறை வேறு. புதிய தளம் அமைப்போர் சிலர் பழைய பாதைகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பி விடுகிறார்கள். பகோடா முனைக்குப் போகிறவரையும், கிளியூர் அருவிக்குப் போகிறவரையும் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறக்கிவிட்டு, "ஏற்காடு வந்தாயிற்று" என்பதைப் போல! தளத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தால், பாதையை அப்படியே ஒட்டி அனுப்ப ஒரே விதி போதும். பாதைகளும் மாறியிருந்தால் பழையது, புதியது என்று பட்டியல் போட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 2018 முதல் தமிழ்நாட்டில் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கட்டங்களும் இணைய முகவரிகளும் அச்சாகியுள்ளன. வலைத்தளத்தை ஒரே இரவில் மாற்றலாம். உங்கள் பைக்குள் இருக்கும் புத்தகத்தை மாற்ற முடியுமா? மலைக்கிராமத்தில் விட்டுவிட்டு வரும் சிக்னலில், ஒரு பாடத்தைத் திறக்கும் மாணவிக்கு முகப்புப் பக்கம் எதற்கு? புத்தகம் புழக்கத்தில் உள்ளவரை அதிலுள்ள முகவரி ஒவ்வொன்றும் உரிய பக்கத்துக்கே போக வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் அறிவியல் பாடநூலில் உள்ள முகவரிகளை இன்றே திறந்து பாருங்கள். எது ஒண்டிக்கடையில் இறக்கிவிடுகிறது என்று குறித்து, ஆசிரியரிடம் கொடுங்கள்.