கம்பியைத் தொடும் முன் கையைக் கவனி!

ஷாட்புட் போடுகிறவன் மைதானத்தை இரண்டு சுற்று ஓடாமல் குண்டைத் தூக்கினால் பி.டி. மாஸ்டர் விடுவாரா? லேத்தை ஆன் செய்த மறுநொடியே ஆழமாக கட் கொடுத்தால் இன்ஸ்ட்ரக்டர் சும்மா இருப்பாரா? ஆனால் கிட்டார் என்று வந்துவிட்டால் மட்டும் நம்ம பசங்க உறையைப் பிரித்ததும் நேராக 'இளைய நிலா' பிக்கிங்கில்தான் இறங்குகிறார்கள். 1982-இல் வந்த பாட்டு, இன்னும் ஓடிப் போய்விடவில்லை. பத்து நிமிஷம் பொறுக்கக் கூடாதா?

"தாம்பரம் வெயிலுக்கு வார்ம்-அப் வேறயாடா? கை ஏற்கெனவே வெந்துதான் கிடக்கு!" என்று கேட்காத ஆள் இல்லை. நல்ல ஜோக்தான். ஆனால் வெயில் சுடுவது தோலை. வேலை செய்யப்போவது உள்ளே இருக்கிற சமாச்சாரம். விரலை மடக்கி அழுத்தும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து தசைநார்கள் பெல்ட் டிரைவ் மாதிரி மணிக்கட்டு வழியாக விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகலான சுரங்கத்தில் ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. நம்ம காலை நேர யூனிட் வண்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! மெதுவாக அசைத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டினால்தான் இந்தக் கூட்டம் உரசாமல் நகரும்.

அந்தப் பக்கம் கம்பியின் கதை என்ன? ஸ்டீல் கம்பி போட்ட கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 70 கிலோ. நாம் வாங்குகிற விலைக்குக் கிடைக்கும் கிட்டாரில் கம்பி பலகையை விட்டு எக்கச்சக்கமாக எழும்பி நிற்கும். அதில் முதல் கட்டில், ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து 'எஃப்' பிடிப்பது என்றால் சும்மாவா?

இன்னொன்று. நம் கை சும்மா இருந்துவிட்டு கிட்டாருக்கு வரவில்லை. பெருங்களத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து வருகிறவனுக்கு கிளட்ச் பிடித்தே இடது கை கழன்றுவிடுகிறது. கார்டு பிடிக்க வேண்டியதும் அதே இடது கைதான்! கூடுவாஞ்சேரிக்காரன் ரயிலில் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வருகிறான். பிட்டிங் ஷாப்பில் இரண்டு மணி நேரம் எம்.எஸ். பிளேட்டுக்கு ஃபைல் போட்டவன் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். களைத்துப்போன கையைத் தயாரான கை என்று நினைத்துக்கொள்கிறோம். ரெண்டும் வேறப்பா.

என் நண்பன் ஒருவன். இங்கே பக்கத்தில் ஒரு கல்லூரி விழா. ஏ.சி. ஹாலில் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திடீரென்று மைக்கில் பேர் கூப்பிட்டார்கள், ஓடினான். மூன்றாவது வரியில் கட்டைவிரல் அடிப்பக்கம் பிடித்துக்கொண்டது. கார்டு மாறவில்லை. கூட்டம் "ஓ" போட்டது. அவன் சர்ச்சில் வாரா வாரம் அழகாக வாசிக்கிறவன்! அந்தக் கிட்டார் இப்போது பீரோ மேலே இருக்கிறது.

சரி, என்னதான் செய்வது? விரலை மடக்கி 'டப் டப்' என்று நெட்டி முறிப்பது வார்ம்-அப் ஆகாது. அது மூட்டுத் திரவத்தில் வாயு போடும் சத்தம், அவ்வளவுதான். தோளைச் சுழற்றுங்கள். கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். மணிக்கட்டை இரு பக்கமும் மெதுவாகச் சுற்றி, விரல்களை மூடி மூடித் திறங்கள். ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள். விரலைப் பின்னால் வளைத்து இழுக்கிற வீர சாகசம் வேண்டாம். பிறகு வெறும் கம்பியில் வலது கை மட்டும். அப்புறம் இடது கை நாலு விரலும் ஒவ்வொன்றாக, ஐந்தாவது கட்டிலிருந்து ஆரம்பித்து. அங்கே கட்டுகள் நெருக்கம், விரல் அதிகம் விரிய வேண்டாம். கை இளகியதும் முதல் கட்டுக்கு இறங்கலாம். வேகம் கடைசியில்தான். சங்கீதம் கற்கும் குழந்தை சரளி வரிசையை முதல் காலத்தில் ஆரம்பித்துத்தானே மூன்றாம் காலத்துக்குப் போகிறது!

இப்படிச் செய்தால் வலியே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் அடிக்கடி மரத்துப்போனால் வாசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஜெர்மனியின் ராபர்ட் ஷூமன், 1830-களின் தொடக்கத்தில் வலது கை விரல் கெட்டுப்போய், பியானோ மேடைக் கனவையே விட்டார். அவருக்குக் கைவசம் இசையமைப்பு இருந்தது. நமக்கோ கை போனால் பாட்டும் போச்சு, பிராக்டிகலும் போச்சு, நாளை வேலையும் சேர்ந்து போச்சு.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்சுரல்ஸில் யாருக்குப் பின் யார் என்ற பட்டியலை காலையிலேயே ஒட்டிவிடுங்கள். மேடைக்குப் பின்னால் ஏ.சி. இல்லாத ஒரு மூலையை வாசிக்கிறவர்களுக்கு ஒதுக்குங்கள். பெரிய செலவில்லை. ஒரு பழைய பெஞ்சும் ஒரு சுவர்க்கடிகாரமும் போதும்.