வெட்கம் வளர்க்கும் படர்தாமரை

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று மாதங்களாகத் தொடையிடுக்கில் தாங்கொணா அரிப்பு, இரவில் உறக்கமில்லை, பாடத்தில் மனம் செல்லவில்லை. பெற்றோரிடம் சொல்ல நா எழவில்லை. நண்பர் கொடுத்த களிம்பைப் பூசினால் சில நாள் அடங்கி, பின்னர் முன்னிலும் அகன்று படர்கிறதாம். கூடாத நோய் ஏதும் பற்றிவிட்டதோ என்றஞ்சி, தம் பெயரையும் எழுதாது விட்டிருக்கிறார்.

அன்பர் அஞ்சவேண்டியதில்லை. அவர் கூறும் குறிகள் படர்தாமரையையே காட்டுகின்றன. ஒழுக்கத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. வெப்பமும் வியர்வையும் மிகுந்த நம் நாட்டில் யாருக்கும் வரக்கூடியது இது.

இதனை உண்டாக்குவது, தோலின் மேற்படையை உண்டு வாழும் பங்கசு. ஆங்கிலேயர் இதனை ‘டோபிச் சொறி’ என்றழைத்து, சலவைத் தொழிலாளியின் மீது பழியைப் போட்டனர். கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்தெல்லானி, இந்நோயிற் கண்ட ஒரு பங்கசுவை 1910ஆம் ஆண்டில் விவரித்தார். இன்று ‘டிரைக்கோபைற்றன் ரூப்ரம்’ எனப்படும் அதுவே இந்நோய்க்கு முதன்மையான காரணமாக உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. பாதத்தில் தோலுரிந்து அரிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் அதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே குற்றவாளியைச் சலவைத் துறையில் தேடுமுன், நம் கால்விரல் இடுக்கில் தேடுதல் நன்று.

தொடையின் உட்புறத்தில் செந்நிறமாகவோ கபில நிறமாகவோ படை தோன்றும். அதன் விளிம்பு சற்றே தடித்துச் செதிலோடிருக்க, நடுப்பகுதி தெளிந்து காணும். விதைப்பை பெரும்பாலும் தப்பிவிடும். அதுவும் சிவந்து, ஈரங்கசிந்து, படையைச் சுற்றிச் சிறு புள்ளிகள் தெறித்தாற்போலக் காணப்படின், அது கன்டிடா என்னும் வேறு பங்கசுவாக இருக்கலாம். அது சலரோகமுடையோரை எளிதிற் பற்றுமாதலால், இரத்தத்தில் சீனியின் அளவைச் சோதித்தல் வேண்டும்.

இனி, நண்பர் தந்த களிம்பு. அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறுகின்றோம். ஸ்டீரொயிட் அரிப்பை அடக்கும். அத்துடன் பங்கசுவை எதிர்க்கும் உடலின் காவலையும் அடக்கிவிடும். நோயின் உருவம் மாறி, வைத்தியரையும் ஏமாற்றும். நாட்படத் தோல் மெலிந்து, அழியாத வரிகளும் விழும். அதனை உடனே நிறுத்துக.

உரிய மருந்துகள் எளியவையே. குளொற்றிமசோல் களிம்பை நாளுக்கு 2 முறையாக 2 முதல் 4 வாரமும், டேர்பினபின் களிம்பை நாளுக்கு 1 முறையாக 1 அல்லது 2 வாரமும் பூசுவது வழக்கம். விளிம்புக்கு அப்பாலும் இரண்டு விரலகலம் பூசுக. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவதே பலர் செய்யும் பிழை. குறித்த நாள் முழுவதும் பூசுக. பாதத்தில் நோயிருப்பின் அதற்கும் உடன் மருந்திடுக. 2 வாரத்தில் குணங்காணாவிடினும், படை பரந்திருப்பினும், சலரோகம் இருப்பினும் வைத்தியரை நாடுக. டேர்பினபினுக்கு எளிதில் அடங்காத ஒருவகைப் பங்கசு தென்னாசியாவிற் பரவியிருப்பதால், தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்க்கவும், உட்கொள்ளும் மருந்து கொடுக்கவும் நேரலாம்.

மீண்டும் வராதிருக்க, குளித்தபின் தொடையிடுக்கை ஈரமின்றித் துடையுங்கள். பாதத்தைத் துடைக்க வேறு துவாய் கொள்ளுங்கள். பாதத்தில் நோயுள்ளவர் காலுறையை முதலில் அணிந்து, அதன் பின்னரே உள்ளாடையை அணிதல் நன்று. உள்ளாடையை நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். விளையாடி நனைந்த காற்சட்டையுடன் அமர்ந்திராதீர்கள். துவாயையும் சாரத்தையும் பிறருடன் மாற்றிக்கொள்ளாதீர்கள். வீட்டில் வேறொருவருக்கும் இருப்பின், இருவரும் ஒருங்கே மருந்திடுக. அன்றேல் ஒருவர்க்குத் தீர்ந்தது மற்றவரிடமிருந்து திரும்பிவரும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் தலையிடி என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றோம். இதனையும் அவ்வாறே கூச்சமின்றிக் கேட்கும் தந்தையும் தாயும் இருந்திருப்பின், இம்மாணவர் மூன்று மாத உறக்கத்தை இழந்திருக்கமாட்டார். தம்பி, இவ்வார விடுமுறையில் வீட்டுக்குச் சென்றதும் தந்தையாரிடம் சொல்லும். சொல்லத் தயக்கமாயின் இப்பத்தியை அவர் கையில் கொடும்.