ஐந்தாண்டு மாத்திரை

மார்பில் கட்டி என்று தெரிந்தால் ஆய்க்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கிளம்புகின்றன. ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்களும் உண்டு. ஆபரேஷன் முடிந்து கட்டி போனால் நோயும் போய்விட்டது என்றே வீட்டில் நினைக்கிறார்கள். அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் காலம் தொட்டு முக்கால் நூற்றாண்டு, உலகத்து அறுவை மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். மார்பையும் அடித்தசையையும் அக்குளின் நிணநீர் நெறிகளையும் சேர்த்தே எடுத்தார்கள். அப்படியும் சில ஆண்டுகள் கழித்து எலும்பிலோ நுரையீரலிலோ நோய் தலைகாட்டியது.

கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே நோயணுக்கள் ரத்தத்தில் கலந்திருக்கலாம் என்று வாதாடியவர் பெர்னார்ட் ஃபிஷர். அப்படியானால் கத்தி எட்டாத இடத்துக்கு மருந்துதான் போக வேண்டும். நெறிகளில் நோய் பரவிய பெண்களுக்கு அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 1976இல் மிலன் நகரின் ஜானி போனடோனா காட்டினார். இன்று நாம் சொல்லும் ‘கீமோ’வுக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

இன்னொரு வேர் அதைவிடப் பழையது. 1895இல் கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் சினைப்பைகளை அகற்றியபோது முற்றிய மார்புக் கட்டி சுருங்கியது. ஹார்மோன்தான் அந்த நோய்க்குத் தீனி என்பது பின்னர் விளங்கியது. கருத்தடைக்காக 1960களில் தேடிய ஒரு மருந்து அதற்குப் பயன்படாமல் போய், இந்தத் தீனியை மறிக்கும் டாமாக்சிஃபென் ஆயிற்று. ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிக்கு மட்டுமே அது பலிக்கும். ஏற்பி இருக்கிறதா என்று பார்த்த பரிசோதனை முடிவைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். ஐந்து ஆண்டு விடாமல் சாப்பிட்டவர்களிடம், பதினைந்து ஆண்டுக் கணக்கில், இந்த நோயால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை ஆக்ஸ்ஃபோர்டில் தொகுத்த ஆய்வுகள் காட்டின. மாதவிலக்கு நின்றவர்களுக்கு லெட்ரசோல் போன்றவை வந்தன. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகைக்கு வந்த டிராஸ்டுசுமாப் விலையால் எட்டாமல் இருந்தது. பெங்களூர் பயோகான் அதன் உள்நாட்டு வடிவத்தை 2014இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகும் ஏழைக்கு அது பெருஞ்செலவே.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் சென்னை அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். அறுவை, ‘கரண்ட்’ என்னும் கதிர்வீச்சு, மருந்து மூன்றும் ஒரே கூரையின்கீழ் என்பதற்கு அந்த மருத்துவமனையின் டாக்டர் சாந்தா வாழ்நாளையே கொடுத்தார். அந்த உழைப்பின் பலன் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது.

வீட்டுக்குத் திரும்பிய பின் வரும் ஐந்து ஆண்டுகள்தான் என் கவலை. கீமோ நாலைந்து மாதத்தில் முடியும். அதுவரை குடும்பமே கூட நிற்கும். டாமாக்சிஃபென் மாத்திரையோ தினமும் தனியாக விழுங்க வேண்டியது. உடம்பில் நோயின் வலி இருக்காது. மாத்திரையால் அனல் குப்பென்று ஏறலாம். பீடி சுற்றும் பெண்ணுக்கு, மாத்திரை வாங்கத் திருநெல்வேலி போய்வரும் நாளில் கூலி இல்லை. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்திவிடுவது எளிது. ஹார்மோன் வகையோ பத்து ஆண்டு கழித்தும் திரும்பக்கூடியது.

தேவைப்படுகிறவர் வீட்டுக்கே சிகிச்சை போவது ஆய்க்குடிக்குப் புதிதல்ல. 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் இங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பயிற்சியை வீட்டு வாசல்வரை கொண்டுபோகிறது. 2021 முதல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைப் பையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த டாமாக்சிஃபெனும் அந்தப் பையில் இருக்க வேண்டும். கொண்டுவரும் ஊழியர் மாதந்தோறும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: மாத்திரை விட்டுப்போச்சா, கருப்பையிலிருந்து ரத்தம் படுதா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கா? பின்னிரண்டில் ஒன்றுக்கு ‘ஆமா’ என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.