சின்ன நாடு என்பது ஒரு காரணமா?

"சிங்கப்பூர் சின்ன நாடு. ஆளை விண்வெளிக்கு அனுப்புவதெல்லாம் வல்லரசுகளின் வேலை." படித்தவர்களும் கூசாமல் சொல்லும் பேச்சு இது. வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

சாங்கி விமான நிலையம் 1981 ஜூலை 1 அன்று இயங்கத் தொடங்கியது. அதற்குள்ளாகவே 11 நாடுகளின் குடிமக்கள் விண்வெளிக்குப் போய்வந்துவிட்டார்கள். போர் முடிந்த ஐந்தாவது ஆண்டிலேயே, 1980இல், வியட்நாமின் பாம் துவான் போனார். அதே ஆண்டு கியூபாவிலிருந்தும் ஒருவர். 1981 மார்ச்சில் குர்ரக்சா புறப்பட்டபோது அவருடைய மங்கோலியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 17 லட்சம். சிங்கப்பூரில் அப்போதே 25 லட்சம் பேர் இருந்தோம்.

"அவையெல்லாம் சோவியத் ஒன்றியம் நட்பு நாடுகளுக்குத் தந்த இருக்கைகள்தாமே?" என்பார்கள். ஆம், இந்தியாவின் ராகேஷ் சர்மா 1984இல் போனதும் அப்படித்தான். அதனால்தான் சொல்கிறேன்: அங்கே பார்க்கப்பட்டது உறவு, நாட்டின் பரப்பளவு அல்ல. மலேசியாவையே பாருங்கள். ரஷ்யாவிடம் சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு ஓர் இருக்கையும் கேட்டு வாங்கியது. எலும்பு முறிவு மருத்துவரான ஷேக் முஸாஃபர் 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனார். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் முடிந்த காரியம்!

சொந்த ராக்கெட் இல்லை என்பது அடுத்த வாதம். இதுவரை 40க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 600க்கும் அதிகமானோர் போயிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் சொந்தக் கலத்தில் மனிதரைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றியவை ரஷ்யா, அமெரிக்கா, சீனா மூன்றே. 2025 ஜூனில் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா, ஒரு போலந்துக்காரர், ஒரு ஹங்கேரியர் ஆகியோர் போனது அமெரிக்கக் கலத்தில். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பங்கேற்று உருவாக்கிய எக்ஸ்-சாட் துணைக்கோளும் 2011இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட்டில்தான் ஏறியது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லையே.

கடைசியாக, 2006இல் அறிவிக்கப்பட்டுக் கைகூடாமல் போன சாங்கி விண்வெளித் தளத்தைக் காட்டுவார்கள். அது பணம் கட்டும் பயணிகளைச் சில நிமிடங்கள் எடையற்று மிதக்கவிட்டு இறக்கும் சுற்றுலாத் திட்டம். ஒரு தனியார் வணிகத் திட்டம் நின்றுபோனதால் ஒரு நாட்டுக்கே தகுதியில்லை என்றாகிவிடாது.

அந்தச் செலவு வேண்டாம், மருத்துவமனை கட்டுவோம் என்று சொல்லுங்கள். அது நேர்மையான வாதம், உட்கார்ந்து பேசலாம். ஆனால் விண்வெளி வீரராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளையிடம் "நம் நாடு சின்னது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.