மனநல ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதும் நம் உரிமையே

சேலத்தைச் சேர்ந்த தலித் ஆய்வு மாணவர் முத்துகிருஷ்ணன் 2017 மார்ச் 13 அன்று டெல்லியில் உயிரிழந்தார். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில். பயின்றுவந்த அவர், அதற்கு முன்பு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவுக்கு நீதி கேட்ட போராட்டத்தில் நின்றவர். அவரது கடைசி முகநூல் பதிவு, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றியது. ஆனால் மரணத்துக்குப் பின் காவல்துறைத் தரப்பிலிருந்து வந்த சொல் 'மன அழுத்தம்'.

அழுத்தம் இருந்தால், அழுத்தியது எது என்ற கேள்வியும் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்காகவே இச்சொல் பலமுறை பயன்படுத்தப்பட்டிருப்பதால், இயக்கங்களில் இருக்கும் நாம் மனநலச் சிகிச்சை என்ற பேச்சையே ஐயத்துடன் பார்க்கப் பழகிவிட்டோம். 'நோய் சமூகத்துக்கு, மருந்து நமக்கா?' என்று கேட்கிறோம். கேள்வி நியாயமானது. எனினும், உறக்கமிழந்து விடுதி அறையில் தனித்துக் கிடக்கும் மாணவரிடம் அதை மட்டுமே பதிலாகத் தர முடியாது. காலனிய அல்ஜீரியாவில் 1953இல் மனநல மருத்துவராகப் பொறுப்பேற்ற ஃபிரான்ஸ் ஃபனோன், அடிமைப்படுத்தும் ஆட்சியை எதிர்த்து 1956இல் பதவி விலகினார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நோயாளிகளைக் கைவிடவில்லை. போராட்டமும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

ஆகவே நம் முன்னுள்ள கேள்வி, ஆலோசகரிடம் போகலாமா என்பதன்று. எந்த ஆலோசகரிடம் என்பதே.

எந்த ஊர், எந்தப் பக்கம்?

சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆதிக்கச் சாதிப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்ததே அவர் செய்த 'குற்றம்'. அவ்வழக்கின் விசாரணையில் இருந்த தலித் அதிகாரி, துணைக் காவல் கண்காணிப்பாளர் விஷ்ணுபிரியா, அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று உயிரிழந்தார். யாருடன் பேசுகிறோம், எங்கே அமர்கிறோம் என்று ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு வாழும் தலைமுறை இங்கே கல்லூரிக்குச் செல்கிறது.

அத்தலைமுறையைச் சேர்ந்த ஒரு மாணவி நம்மிடம் சட்ட உதவிக்காக வந்தார். வகுப்பில் நேர்ந்த அவமதிப்பைச் சொல்லத் தன் கல்லூரி ஆலோசகரிடம் போயிருக்கிறார். முதல் கேள்வி, 'எந்த ஊர்?' இரண்டாவது, 'ஊரில் எந்தப் பக்கம்?' பிறகு, 'சாதியெல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது; தாழ்வு மனப்பான்மையை விடு' என்ற அறிவுரை. அடுத்த வாரம், அறைக்குள் சொன்னது துறைத் தலைவருக்குத் தெரிந்திருந்தது. அதன்பின் அவர் எந்த ஆலோசகரையும் நாடவில்லை. ஒரு பொருந்தாத ஆலோசகர் செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுவே: அடுத்த கதவையும் அவர் மூடிவிடுகிறார்.

சட்டம் எதுவரை வரும்?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18இல் சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி மனநலச் சேவை பெறும் உரிமையை வழங்குகிறது. பிரிவு 23 இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உயிராபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகளே உண்டு. சேவைக் குறைபாடு குறித்துப் புகார் அளிக்கப் பிரிவு 28 இடமளிக்கிறது. சமூகத்தின் வழக்கங்களுக்கும் விழுமியங்களுக்கும் இணங்காமையை மனநோய் எனத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது பிரிவு 3. சாதி கடந்த காதலைக் 'குணப்படுத்த' பிள்ளைகளை ஆலோசகரிடம் இழுத்துச் செல்லும் குடும்பங்கள் இப்பிரிவை அறிந்திருப்பது நல்லது.

ஆனால் ஓர் இடைவெளி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி சாதி இழிவுரை குற்றமாக வேண்டுமெனில் அது பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள், பிறர் இல்லாதபோது நிகழ்ந்தது அதில் அடங்காது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. ஆலோசனை அறை என்பதே சாட்சியற்ற நான்கு சுவர்தான். அங்கே நேரும் அவமதிப்புக்குப் பின் வழக்குத் தொடுப்பது கடினம். எனவே முன்கூட்டியே கேட்பதும், பொருந்தாவிடில் மாறுவதும் நம் முதற்காப்பு.

எவற்றைக் கேட்க வேண்டும்?

முதலில், தகுதி. மனநல மருத்துவர் எனில் மருத்துவ மன்றப் பதிவும், மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவும் இருக்க வேண்டும். 'ஆலோசகர்' என்ற பலகை மாட்டிய எல்லோரும் பதிவு பெற்றவர்கள் அல்லர்.

இரண்டாவது, இரகசியம். குறிப்பேட்டை யார் பார்ப்பார்கள், நிர்வாகத்துக்கோ விடுதிக் காப்பாளருக்கோ வீட்டுக்கோ எது போகும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

மூன்றாவது, சாதி. 'சாதி ஒடுக்குமுறைக்கு உள்ளானவர்களுடன் பணியாற்றியிருக்கிறீர்களா?' என்று நேராகக் கேட்கலாம். 'நான் சாதி பார்ப்பதில்லை' என்ற பதிலில் நிம்மதி கொள்ள வேண்டாம். சாதியைப் பார்க்காதவருக்கு அது தந்த காயமும் தெரியாது. 'எனக்கு அதிகம் தெரியாது, சொல்லுங்கள், கேட்கிறேன்' என்பவர் அவரைவிட நம்பத்தக்கவர்.

நம் சமூகத்தவரையே தேட வேண்டுமா? கிடைத்தால் நன்று. அமெரிக்காவில் கறுப்பின உளவியலாளர்கள் 1968இல் தமக்கெனச் சங்கம் அமைத்தார்கள். இந்தியாவில் 'தி புளூ டான்' போன்ற பகுஜன் முன்னெடுப்புகள் வந்துள்ளன. ஆயினும் பிறப்பு மட்டும் புரிதலுக்கு உத்தரவாதமாகாது. சிறு நகரத்தில், உறவினரை அறிந்தவரிடம் மனம் திறப்பதும் எளிதன்று. அப்போது தொலைபேசி வழி அமர்வு உதவும்.

மூன்று நான்கு அமர்வுகள் பொறுத்துப் பாருங்கள். கசப்பான உண்மையைக் கேட்கும் சங்கடம் வேறு. சிறுமைப்படுத்தப்படும் சங்கடம் வேறு. முதலாவதைத் தாங்கலாம், இரண்டாவதைத் தாங்க வேண்டியதில்லை. மாறும்போது, மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இத்தனை கேள்விகளும் கட்டணம் செலுத்த வல்லவர்களுக்கே என்ற எதிர்வாதம் எழும். பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளியின் மகளுக்குத் தனியார் அமர்வு எட்டாதுதான். அவருக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும், தமிழிலும் பேசக்கூடிய 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணுமே வழி. அங்கே தேர்வு குறைவு. கேள்வி கேட்கும் உரிமை குறைவன்று.

அதனால்தான் இது தனிமனிதத் தேடலாக நின்றுவிடக் கூடாது. 2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்றது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. நம் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார்? அவரது தகுதி என்ன? அவருக்கு அப்பயிற்சி அளிக்கப்பட்டதா? அரசுக் கல்லூரியெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும், தனியார் கல்லூரியெனில் மாணவர் அமைப்பின் எழுத்துப்பூர்வக் கோரிக்கையாகவும் இக்கேள்விகளை இந்தக் கல்வியாண்டிலேயே எழுப்புவோம். அடுத்த மரணத்துக்குப் பின் கேட்பதைவிட, இப்போதே கேட்பது மேல்.