பன்மைத்துவத்தைச் சம்பளப் பட்டியலில் காட்டுங்கள்

நமது அரச பல்கலைக்கழகங்களில் ஊழியர்களுக்கான பன்மைத்துவச் செயலமர்வுகளும் நல்லிணக்க விழாக்களும் வழக்கமாகிவிட்டன. மங்கல விளக்கு ஏற்றுவார்கள். மும்மொழிப் பதாகை கட்டுவார்கள். கண்டிய நடனம், பரதநாட்டியம், முஸ்லிம் மாணவர்களின் பாடல் என்று மேடை நிறையும். பாற்சோறும் பொங்கலும் வட்டிலப்பமும் ஒரே மேசையில் பரிமாறப்படும். கடைசியில் குழுப்படம், சான்றிதழ். இவற்றை நாம் குறைசொல்லவில்லை. முப்பது ஆண்டு யுத்தத்துக்குப் பிறகு ஒரு சிங்கள எழுதுவினைஞரும் ஒரு தமிழ் விரிவுரையாளரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவது நல்ல காரியமே.

ஆனால் மலையகத்தின் ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அந்த விழாவை நடத்தும் பல்கலைக்கழகத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் வயிற்றில் பிறந்த பேராசிரியர்கள் எத்தனை பேர்? விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? உதவிப் பதிவாளர், நூலக உதவியாளர், எழுதுவினைஞர், காவலாளி என்று எத்தனை பேர்? இந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் அச்சிட்டு மக்கள் முன் வைக்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களுக்கு இல்லை. விழாவின் படங்கள் வெளிவருகின்றன, கணக்கு வெளிவருவதில்லை.

நமது நிலைப்பாடு இதுதான்: எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற கணக்கை வெளியிடாத பல்கலைக்கழகத்துக்குப் பன்மைத்துவத்தைக் கொண்டாடும் தகுதி கிடையாது. முதலில் கணக்கு, அதன் பிறகு ஆட்சேர்ப்பு, கடைசியில் விழா.

இந்த நிகழ்ச்சிகளின் அடிப்படைப் பிழை அவற்றின் கணக்கு முறையிலேயே இருக்கிறது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று பெட்டிகள் வைக்கிறார்கள். மலையகத் தமிழர் இரண்டாவது பெட்டிக்குள் போய்க் காணாமற்போகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ பிறந்த ஒருவர் மேடையேறினால் 'தமிழர் பிரதிநிதித்துவம்' பூர்த்தியாகிவிடுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, அதில் இந்தியத் தமிழர் என்ற பெயரில் பதிவான மலையகத் தமிழர் சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம் பேர். அப்போது நுவரெலியா மாவட்ட சனத்தொகையில் அவர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். இத்தனை பெரிய ஒரு சமூகத்தை வேறொரு சமூகத்தின் கணக்கில் எழுதிவிட்டு, அதைப் பன்மைத்துவம் என்று எப்படிச் சொல்வது? மலையகத்தின் தப்பும் காமன் கூத்தும் எப்போதாவது மேடைக்கு வந்தாலும் நிகழ்ச்சிக்கு நிறம் சேர்க்கத்தான் வருகின்றன. தப்படிக்க வந்தவரின் பிள்ளைக்கு அந்த வளாகத்தில் ஓர் உத்தியோகம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

நிலைமை இப்படியானது தற்செயலாக அல்ல. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே பெரும்பாலான பாடசாலைகளின் கதை. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்கு முன்பே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பங்குபோட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்டத்தின் பெரிய முடிச்சு 2003இல்தான் அவிழ்ந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரச உத்தியோகம் கிடையாது. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தலைமுறை விரிவுரையாளர்களையும் எழுதுவினைஞர்களையும் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் மலையகத்தின் ஒரு தலைமுறை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த நிலையிலும் சிலர் உள்ளே நுழைந்தார்கள். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியின் அதிபராயிருந்த இர. சிவலிங்கம் பட்டதாரிகளின் ஒரு வரிசையை உருவாக்கினார். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் பேராசிரியர் சோ. சந்திரசேகரனும், பேராதனையின் பொருளியல் துறையில் பேராசிரியர் மு. சின்னத்தம்பியும் மலையகத்தை ஆய்வுப் பொருளாக மட்டுமன்றி ஆய்வு செய்யும் சமூகமாகவும் நிலைநிறுத்தினார்கள். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களைச் சுட்டிக்காட்டி 'கதவு திறந்துதானே இருக்கிறது' என்று வாதிடுவது நேர்மையல்ல. அந்தப் பெயர்கள் திறமைக்குச் சான்று. சம வாய்ப்புக்கு அவை சான்றாகா.

இன்றைய தடைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துக்கு அல்ல. உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கக்கூடிய நகரப் பாடசாலைகளும், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து இங்கே பரீட்சை எழுதுவோரும் அந்த இடங்களில் ஒரு பகுதியைக் கொண்டுபோகிறார்கள் என்பது மலையகத்தின் நெடுநாள் முறைப்பாடு. தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் கலைப் பிரிவுக்கே தள்ளப்படுகிறது. பொறியியல், மருத்துவ, விஞ்ஞான பீடங்களில் மலையக மாணவர் குறைவென்றால், நாளை அந்தப் பீடங்களில் மலையக விரிவுரையாளர் எங்கிருந்து வருவார்?

வகுப்புச் சித்தியோடு வெளியேறும் பட்டதாரிக்கும் வழி நேராக இல்லை. தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி ஒப்பந்த அடிப்படையிலானது. அது நிரந்தரமாகுமா என்று காத்திருக்கவும், பட்டமேற்படிப்பைத் தொடரவும் பின்னால் ஒரு குடும்பம் தாங்கிக்கொள்ள வேண்டும். அம்மா மலையில், அப்பா ஸ்டோரில், இரண்டு தங்கைகள் பாடசாலையில் என்றிருக்கும் வீட்டின் மூத்த பிள்ளை, கையில் கிடைத்த ஆசிரியர் நியமனத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிள்ளையிடம் குறையும் இல்லை. தகுதி பார்த்த தெரிவுக்குழுவிடம் பாரபட்சமும் இல்லாமலிருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் விளைவு ஒன்றே.

கல்விசாரா ஊழியர் பதவிகளின் கதை இன்னும் வெளிப்படையானது. சிற்றூழியர் நியமனங்களில் அரசியல் சிபாரிசு செல்வாக்குச் செலுத்துகிறது என்பது நாடு முழுதும் சொல்லப்படும் குற்றச்சாட்டு. சிபாரிசுக்கு ஆளில்லாதவருக்கு விண்ணப்பம் மட்டுமே மிஞ்சுகிறது. அந்த விண்ணப்பத்துக்கும் ஒரு சோதனை உண்டு. லயத்துக் காம்பராவுக்கு வீட்டிலக்கம் இல்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து டிவிஷனுக்குப் போய், பெயர் கூப்பிட்டுக் கையில் கிடைப்பதற்குள் திகதி கடந்துபோன கதை மலையகத்தில் யாருக்கும் புதிதல்ல.

இப்போது பல்கலைக்கழக அலுவலகக் கவுண்டரின் மறுபக்கத்துக்கு வருவோம். மஸ்கெலியாவிலோ டயகமவிலோ விடியற்காலை பஸ் ஏறி, அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, இழந்து, மகளின் மகாபொல புலமைப்பரிசில் பணம் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு தாய் பல்கலைக்கழகத்துக்கு வருகிறாள். கவுண்டருக்கு அப்பால் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. அறிவித்தல் சிங்களத்தில், படிவம் ஆங்கிலத்தில். மகளே மொழிபெயர்ப்பாளராகிறாள், அவளும் விரிவுரைக்குப் போயிருந்தால் தாய் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கவுண்டரில் இருப்பவர் கெட்டவரல்ல. போன மாதம் நடந்த பன்மைத்துவச் செயலமர்வில் அவரும் சான்றிதழ் வாங்கியிருக்கலாம். அந்தச் செயலமர்வு அவருக்குச் சகிப்புத்தன்மை பற்றி ஒரு மணிநேர விரிவுரை தந்தது. 'இருங்கம்மா, பார்த்துச் சொல்றேன்' என்று சொல்வதற்கான தமிழைத் தரவில்லை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி எத்தனையோ ஆண்டுகள் கடந்துவிட்டன.

பிற நாடுகள் என்ன செய்கின்றன? இந்தியாவில் உயர்கல்வி பற்றிய அகில இந்தியக் கணக்கெடுப்பு, ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர் என்று வெளியிடுகிறது. பிரித்தானியாவில் பல்கலைக்கழக ஊழியர்களின் இனப்பின்னணிப் புள்ளிவிபரங்கள் தொடர்ந்து வெளிவருகின்றன. தென்னாபிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர் அமைப்பை அரசுக்கு அறிக்கையிட வேண்டும் என்கிறது. அந்த நாடுகளிலெல்லாம் பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கே விவாதம் எண்களோடு நடக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இன்னொரு பாடம் தருகிறது. அங்கே 2023இல் இயற்றிய ஒரு சட்டத்தால் 2024 ஜனவரி முதல் அரச பல்கலைக்கழகங்களின் பன்மைத்துவ அலுவலகங்கள் மூடப்பட்டன. அலுவலகத்தையும் விழாவையும் ஓர் ஆட்சி கொண்டுவரும், அடுத்த ஆட்சி கொண்டுபோகும். முறையாகத் தெரிவாகி நிரந்தர நியமனம் பெற்ற விரிவுரையாளரை அவ்வளவு இலகுவில் யாரும் கொண்டுபோக முடியாது.

நமது கோரிக்கைக்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, இனவாரியாக எண்ணுவது பிரிவினையை வளர்க்கும் என்பது. நாட்டின் குடிசன மதிப்பீடே இனவாரியாக எண்ணுகிறது. அதனால் நாடு பிரியவில்லை. எண்ணாமல் விட்டதால்தான் பல பிளவுகள் மூடிக்கிடக்கின்றன. ஆனாலும் இதில் ஓர் உண்மையான சிக்கல் உண்டு. 'தோட்டக்காட்டான்' என்ற ஏளனம் சிங்களவரிடமிருந்து மட்டும் வந்ததல்ல, தமிழரிடமிருந்தும் வந்தது. அதற்கு அஞ்சித் தம் ஊரைச் சொல்லாமல் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே விபரம் சுயவிருப்பில் பெறப்பட வேண்டும். தனியாள் பெயரின்றித் தொகையாக மட்டுமே வெளியிடப்பட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, தகுதி குறைந்துவிடும் என்பது. நாம் தகுதியைத் தளர்த்தக் கேட்கவில்லை. வகுப்புச் சித்தியும் பட்டமேற்படிப்பும் இருக்கட்டும். தகுதியை அடையும் பாதையில் கிடக்கும் கற்களை அகற்றத்தான் கேட்கிறோம். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்ற ஆசிரியர்களே இன்று மலையகத்தின் எத்தனையோ வகுப்பறைகளை நடத்துகிறார்கள்.

ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நான்கு காரியங்களைக் கேட்கிறோம். முதலாவது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆண்டறிக்கையில் ஊழியர் விபரத்தைப் பதவித் தரவாரியாகவும் சமூகவாரியாகவும் வெளியிட வேண்டும். அதில் மலையகத் தமிழருக்குத் தனி நிரல் வேண்டும். பால்நிலைச் சமத்துவத்துக்கென நிலையியற் குழு அமைத்த ஆணைக்குழுவுக்கு இது முடியாத காரியமல்ல. இரண்டாவது, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு உதவி விரிவுரையாளர் காலத்திலேயே பட்டமேற்படிப்புக்கான புலமைப்பரிசில் வேண்டும். மூன்றாவது, கல்விசாரா பதவிகளின் வெற்றிடங்கள் தமிழிலும் விளம்பரப்படுத்தப்பட்டு, நேர்முக அழைப்பு கடிதத்தோடு குறுஞ்செய்தியாகவும் போக வேண்டும். நான்காவது, ஊழியர் பயிற்சிக்கான பணத்தில் முதற்பங்கு கவுண்டரில் இருப்போரின் தமிழ், சிங்கள மொழிப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஹோட்டல் மண்டபச் செலவு அதற்குப் பின்னால் வரட்டும்.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் வழங்குகிறது. தலவாக்கலை சென்கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் வரலாறு கொண்டது. தேயிலையை ஆராயும் நிறுவனங்களில் தேயிலையை வளர்த்தவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் ஆராய்ச்சியாளர்களாக இருக்கிறார்கள் என்ற கணக்கை முதலில் அவை வெளியிட்டு மற்றவர்களுக்கு வழிகாட்டலாம்.

நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். பல்கலைக்கழகப் பொங்கல் விழாக்களில் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் மலையக அரசியல்வாதிகள் அதே மேடையில் இந்தக் கணக்கைக் கேட்டிருக்க வேண்டும். மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. நுவரெலியா மாவட்டத்தில் இன்றுவரை ஓர் அரச பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் அது எழும்வரை, இருக்கின்ற பல்கலைக்கழகங்களில் நமது பங்கைக் கேட்காமல் தேர்தலுக்குத் தேர்தல் அடிக்கல் வாக்குறுதியோடு நின்றுவிடுவது சமூகத்தை ஏமாற்றுவதாகும்.

கணக்கு தானாக வராவிட்டால் கேட்டு வாங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரஜைக்கும் அந்த வழியைத் திறந்திருக்கிறது. மலையக ஆசிரியர்களும் பட்டதாரிகளும் தொழிற்சங்கங்களும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் என்ற கணக்கில் இந்த ஆண்டே எழுதட்டும். அடுத்த முறை நல்லிணக்க விழாவுக்கு அழைப்பிதழ் வந்தால், அதனோடு ஊழியர் விபரத்தையும் அனுப்பி வையுங்கள் என்று பதில் எழுதட்டும். விபரம் வந்தால் விழாவுக்குப் போவோம். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவின் முன் போவோம்.