கனடாவின் கார்பன் வரி: தராசின் மறுதட்டு

தலைவர்களை எடைபோடும்போது நம்மில் பலர் முழக்கத்தோடு நின்றுவிடுகிறோம். கனடாவைப் பாருங்கள். பெட்ரோல் மீதான கார்பன் வரியை ஒழிப்போம் என்று ஊர் ஊராய் முழங்கியவர் எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொலியேவ். ஆனால் அதை ஒழித்தவர், 2025 மார்ச் 14 அன்று பதவியேற்ற கையோடு உத்தரவில் கையெழுத்திட்ட பிரதமர் மார்க் கார்னி. ஏப்ரல் 28 தேர்தலில் அவரது லிபரல் கட்சி வென்றது. பொலியேவ் தன் சொந்தத் தொகுதியையே இழந்தார்.

லிட்டருக்குச் சுமார் 17.6 சென்ட் வரி நீங்கியது மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வரிப்பணத்தின் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பி வந்துகொண்டிருந்ததே! ஒன்டாரியோவில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,120 டாலர் கிடைத்தது. ஏப்ரல் தவணையோடு அதுவும் நின்றது. கார் இல்லாமல் பேருந்தில் வேலைக்குப் போகும் ஏழைக்கு இதில் என்ன இலாபம்?

நிறுவையில் நேர்மை வியாபாரிக்கு மட்டும் இடப்பட்ட கட்டளை அல்ல. காஸா விஷயத்தில் ஒரு தலைவர் மீது நமக்குள்ள கோபம் நியாயமானதே. அதற்காக அவருடைய பொருளாதாரக் கணக்கைப் பார்க்காமலே தள்ளினால் நம் மீஸானும் சாய்ந்துவிடும். பிடித்தவர் என்பதற்காகக் கண்ணை மூடினாலும் அப்படித்தான். கார்னியைப் பாராட்டுவோர் அந்த 1,120 டாலரையும் தட்டில் வைக்கட்டும். ஏசுவோர், பெருந்தொழிற்சாலைகள் மீதான கார்பன் கட்டணத்தை அவர் அன்று நீக்கவில்லை என்பதையும் வைக்கட்டும்.